வாளியில் போன ராஜா

பொறாமை எனக்குப் புதிய விஷயம் அல்ல. நியூசிலாந்துக்கு வந்த முதல் சில வருடங்களில் ஓக்லாந்தில் நான் பொறாமைப்படாத தமிழர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. சொந்த வீடு வாங்கியவரைப் பார்த்துப் பொறாமை. படித்த படிப்புக்கே வேலை கிடைத்தவரைப் பார்த்துப் பொறாமை. பஸ் டிரைவர் சொல்லும் பகிடி விளங்கி உடனே சிரித்தவரைப் பார்த்துக்கூடப் பொறாமை (எனக்கு இரண்டு தரிப்பிடம் தள்ளித்தான் சிரிப்பு வரும்). ஆனால் இவையெல்லாம் மரியாதையான பொறாமைகள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று நாலு பேரோடு பேசி ஆற்றிக்கொள்ளலாம். ஒரு மீனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரைத்தான் பிடித்திருக்கிறது என்று வெந்து புழுங்கிய மனிதனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்த மனிதன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மன்னாரில் ஒன்பது வருடம் பௌதிகம் படிப்பித்துவிட்டு வந்த நான், ஓக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு மரக்கறிக் கொட்டகையில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பெரியது ஒரு பெட்டி, நடுத்தரம் ஒரு பெட்டி, அழுகியது கீழே. நியூட்டனின் மூன்று விதிகளில் ஒன்றுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை. குடியிருந்தது ஓக்லாந்தின் ஹில்ஸ்பரோவில், வாடகைக்கு எடுத்த ஒரு பலகை வீட்டில். விடியக் காரில் ஏறினால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திரும்புவேன். மனைவி ஜெசிந்தாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மகள் ஷெரினுக்கு ஆறு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் சொன்னால் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

பக்கத்து வீட்டில் கோவிந்தசாமி இருந்தார். ஃபிஜியிலிருந்து வந்தவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்காக வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். மின்சார வேலை செய்பவர். தாயிடம் கேட்டுப் பழகிய தமிழை ஹிந்தியோடும் ஆங்கிலத்தோடும் கலந்து அவர் பேசுவது எனக்குப் புதுமையாக இருக்கும். நான் ஆசிரியன் என்று அறிந்த நாளிலிருந்து என்னை 'மாஸ்டர்ஜி' என்றுதான் அழைப்பார். முதல் தடவை அவருடைய வீட்டுக்குப் போனபோது சோபாவைக் காட்டி, "குந்துங்க மாஸ்டர்ஜி" என்றார். எங்கள் பக்கத்தில் குந்துவது என்றால் குதிக்காலில் இருப்பது. இவ்வளவு மெத்தென்ற சோபாவில் எப்படிக் குந்துவது என்று நான் சற்று நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சோபாவுக்கு எதிரேதான் ராஜா இருந்தான்.

ராஜா ஒரு ஓஸ்கார் மீன். ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாக வாழ்ந்தான். சாப்பாட்டுத் தட்டு அளவு உடம்பு. கறுப்பு நிறத்தில், தணல் சிதறியதுபோலச் செம்மஞ்சள் கோடுகள். விரல் நீளத்தில் வாங்கி வளர்த்தாராம். கோவிந்தசாமியின் பிள்ளைகள் இருவரும் சிட்னிக்குப் போய்விட்டார்கள். "இப்ப வூட்டுல மிஞ்சின கடைக்குட்டி இவன்தான்" என்று அவருடைய மனைவி சரோஜ் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவா. கோவிந்தசாமி அறைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், ராஜா கண்ணாடிக்கு ஓடிவந்து நாய்க்குட்டி மாதிரி உடம்பை நெளிப்பான். அவருடைய விரலிலிருந்து தீன் வாங்கிச் சாப்பிடுவான். ஷெரினுடைய விரலிலிருந்தும்தான்.

கோளாறு அங்கேதான் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷெரின் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். நான் வெங்காய வாசத்தோடு வீட்டுக்குள் நுழையும்போது என்னை வரவேற்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் ராஜாவைப் பற்றியும் சாமி அங்கிளைப் பற்றியும்தான். சாமி அங்கிளுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் ஹீட்டரைத் திருத்தத் தெரியும். சாமி அங்கிளுக்கு மீன் என்ன நினைக்கிறது என்று தெரியும். நான் ஒருநாள் ஒளிமுறிவைப் பற்றித் தொடங்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரையச் சொன்னார்களாம். அவள் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இது ஆர்?" என்று கேட்டேன்.

"மம்மி."

"இது?"

"மீ."

நடுவில் ஒரு பெரிய நீலச் சதுரம், அதற்குள் ராஜா. பக்கத்தில் மீசையோடு ஒரு உயரமான மனிதர். எனக்கு மீசை இல்லை.

"நான் எங்கை பிள்ளை?"

அவள் தாளின் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னக் கார், பின்னால் புகை விட்டுக்கொண்டு தாளை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. "யூ ஆர் இன் தெயார், டாடி. யூ ஆர் கோயிங் டு வேர்க்."

கார்க் கண்ணாடிக்குள் ஒரு தலையாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

அந்தச் சனிக்கிழமையே போய் ஒரு கண்ணாடிக் கோளமும் இரண்டு தங்கமீனும் வாங்கிவந்தேன். ஷெரின் ஐந்து நிமிடம் அவற்றைப் பார்த்தாள். கையை அசைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இதுகளுக்கு என்னைத் தெரியேல்லை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் அந்த இரண்டு மீன்களையும் பார்த்தேன். அவற்றுக்கு ஒன்றையொன்றே தெரியாது போலிருந்தது.

ராஜாவோடு நேரடியாகச் சிநேகிதம் பிடிக்கவும் முயன்றேன். நான் தொட்டிக்குக் கிட்டப் போனால் அவன் ஒரு நொடி பார்ப்பான். பிறகு திரும்பி வாலைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஒன்பது வருடம் படிப்பித்தவனுக்கு, ஒருவன் தன்னை வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறான் என்பது பின்பக்கத்தைப் பார்த்தாலே விளங்கும்.

"ஆள் பழகணும் மாஸ்டர்ஜி" என்றார் கோவிந்தசாமி. "ராஜா ரொம்ப ரோசக்காரன்." அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு கிழமை அரைத்துக்கொண்டிருந்தேன்.

யூலை மாதம், இங்கே குளிர்காலப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் சமயத்தில், எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. கோவிந்தசாமி வீட்டுச் சாவியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"மாஸ்டர்ஜி, பத்து நாள். ஃபிஜியிலே, நாண்டியிலே, தங்கச்சி பொண்ணுக்குக் கண்ணாலம். நீங்கதான் ராஜாவைப் பார்த்துக்கணும்."

"அதுக்கென்ன சாமி அண்ணை, நான் பாக்கிறன்." (எனக்குள்ளே ஒரு பேண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது.)

"காலையிலே அஞ்சு தீனி உருண்டை. சாயங்காலம் அஞ்சு. அதுக்கு மேல ஒண்ணும் வாணாம். தொட்டிக்குள்ள கை வெக்காதீங்க. கல்லு கில்லு அசைக்காதீங்க."

"அண்ணை, நான் பௌதிகம் படிப்பிச்சனான்."

"ஆமா, ஆமா" என்றார் கவலையோடு. "அதான் சொல்றேன்."

அவர்கள் விமானம் ஏறினார்கள். மறுநாள் காலை நான் ஐந்து உருண்டைகளைப் போட்டுவிட்டு நின்றேன். ராஜா அசையவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஐந்தையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னால் கோவிந்தசாமியின் வேலை ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிறம், முதுகில் பளபளக்கும் பட்டி. தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் ராஜாவுக்குத் தீன் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். இரண்டாம் நாள் நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போனேன். ராஜா பாய்ந்து வந்தான்! உடம்பை நெளித்தான், வாயைத் திறந்தான், கண்ணாடியை முட்டினான். என் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் மூளை வேலை செய்தது. அவன் வந்தது எனக்காக அல்ல. ஜாக்கெட்டுக்காக. கடல் கடந்து கலியாண வீட்டில் இருக்கும் மனிதரின் உடுப்பைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அன்று வேலை விட்டு வரும் வழியில் இறால் வாங்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, இறால் வேலை செய்தது. கோது நீக்கி, சின்னத் துண்டாக வெட்டி, விரலில் பிடித்துத் தண்ணீரில் வைத்தேன். மூன்றாம் நாள் அரைவாசித் தூரம் வந்தான். நான்காம் நாள் ஜாக்கெட் இல்லாமலே வந்து என் விரலிலிருந்து வாங்கினான். ஐந்தாம் நாள் நான் அறைக்குள் நுழைந்ததுமே உடம்பை நெளித்தான். ஷெரின் அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"டாடி! ஹி லைக்ஸ் யூ!"

அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருபது அடி தூரம்தான். நான் அதை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன்.

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன்: கோவிந்தசாமி திரும்பி வந்ததும் ராஜா என்னை மறந்துவிடுவானே? மறக்கக்கூடாது என்றால் என் முகம் எப்போதும் அவன் கண்ணில் பட வேண்டும். விசாவுக்கு எடுத்த படங்களில் ஒன்று மீதியாக இருந்தது. (அந்தப் படத்தில் நான் என்னையே நாடு கடத்தப் போகிறவன் மாதிரி இருப்பேன்.) அதைத் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வெளியே, முகம் உள்ளே பார்க்க, ஒட்டினேன்.

அதுவும் போதவில்லை. தொட்டியை என் கையால் திருத்தி அழகாக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கோவிந்தசாமி உள்ளே இரண்டு கறுப்புப் பாறைகளையும் ஒரு தட்டைக் கல்லையும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சரித்து வைத்திருந்தார். அந்தத் தட்டைக் கல்லுக்குப் பின்னால்தான் ராஜா படுப்பான். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். பாறைகளை இரண்டு பக்கமும் சம தூரத்தில் வைத்தேன். தட்டைக் கல்லை நட்டநடுவில் நிமிர்த்தினேன். சரளைக் கற்களை மட்டமாக்கினேன். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரையும் மாற்றினேன். அதற்குரிய மருந்தையும் போட்டு, சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் எவ்வளவு கலந்தால் தொட்டியின் வெப்பநிலை வரும் என்று தாளில் கணக்குப் போட்டுத்தான் ஊற்றினேன். ஒரு பாகைகூடப் பிசகவில்லை. வெங்காயத்துக்கு வந்த பிறகு என் படிப்பு பயன்பட்ட முதல் நாள் அது.

சனிக்கிழமை காலை ஷெரினும் நானும் போனோம். வெளியே மழை. கதவைத் திறந்ததும் ராஜா வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். மேல்பக்கக் கண் ஒன்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறாலை ஆட்டினேன். கண் மட்டும் உருண்டு என்னைப் பார்த்தது. பிறகு மறுபடியும் முகட்டுக்குப் போய்விட்டது.

ஷெரின் என்னைப் பார்த்தாள். "டாடி, வட் டிட் யூ டூ?"

நிரபராதி என்று எப்படிச் சொல்வது? என் படம் வேறு தண்ணீருக்கு அப்பாலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா ஓடிவந்தாள். "சாமி அண்ணைக்கு ஒருக்கா போன் பண்ணுங்கோவன்."

"கலியாண வீட்டுக்கு எடுத்துச் சாவுச் செய்தியோ சொல்லச் சொல்லுறீர்?"

"அப்ப என்ன செய்யப்போறியள்? அந்தச் சனத்துக்கு இது பிள்ளை மாதிரியெல்லோ!"

எனக்குத் தெரியாததா? மிருக வைத்தியர் ஒருவருக்கு போன் எடுத்தேன். நாயா, பூனையா என்று ஒரு பெண் கேட்டாள். மீன் என்றேன். மீன் பார்ப்பதில்லை என்றாள். பிறகு அனுதாபத்தோடு போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் அழுதுகொண்டிருந்த ஷெரின் சொன்னாள், பள்ளிக்கூடத்தால் தங்களை நகரத்துக்கு வெளியே கடற்கரைச் சாலையிலுள்ள மீன்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனார்களாம், அங்கே சுறாவுக்கே வைத்தியம் பார்க்கிறார்களாம்.

உடுப்புத் தோய்க்கிற பெரிய வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பினேன். ராஜா என்னைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கோவிந்தசாமியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். சாகக் கிடக்கும் மீனைத் தூக்குவது சுலபம் என்று நினைத்தால் அது பிழை. கை பட்டதும் ராஜா போட்ட அடியில் சரோஜ் அக்காவின் சோபா, திரைச்சீலை, என் கண், எல்லாம் நனைந்தன. வாளிக்குள் விட்டதும் மறுபடியும் சரிந்து படுத்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாளியைப் போர்வையால் சுற்றி, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக் கட்டி, மேலே சோறு வடிக்கிற தட்டைக் கவிழ்த்து மூடினோம். பின் ஆசனத்தில் ஷெரின் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். காருக்குள் ஹீட்டரை முழுதாகப் போட்டதில் எங்கள் மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"அந்தோனியார் மீனுகளுக்கே பிரசங்கம் வைச்சவர்" என்றாள் ஜெசிந்தா, செபமாலையை எடுத்துக்கொண்டு. "அவரிட்டைக் கேப்பம். நீங்கள் றோட்டைப் பாத்துக் காரை ஓடுங்கோ."

விடுமுறையும் மழையும் சேர்ந்த சனிக்கிழமை. ஓக்லாந்தில் உள்ள அத்தனை பிள்ளைகளும் மீன்காட்சிச்சாலை வாசலில் வரிசையில் நின்றார்கள். மழை அங்கிகள், குடைகள், தள்ளுவண்டிகள். அதற்கு நடுவே, மின்சாரக்காரனின் ஜாக்கெட்டோடு ஒரு மனிதன், போர்வை சுற்றிய வாளியைத் தூக்கிக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மீ, எமர்ஜென்சி!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மின்சாரக் கோளாறு என்று நினைத்துச் சனம் வழிவிட்டது.

நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற பெண் வாளியை எட்டிப் பார்த்தாள். "சேர், உள்ளே மீன் கொண்டுவரக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே யோசித்தாள். உள்ளே இருந்ததெல்லாம் மீன்தான். என் முகத்தையும் ஷெரினின் முகத்தையும் பார்த்து மனம் இரங்கி, யாரையோ அழைத்தாள்.

வந்தவள் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண். தண்ணீருக்குள் இறங்குகிற கறுப்பு ரப்பர் உடுப்பு, ஈரத் தலைமயிர். தரையில் முழங்காலிட்டு வாளிக்குள் பார்த்தாள். எங்களைச் சுற்றி முப்பது பிள்ளைகளாவது கூடிவிட்டார்கள். நான் என் ஆசிரியர் குரலில் வழக்கை விளக்கினேன்: வெப்பநிலை, கலவை விகிதம், கணக்குப் போட்ட முறை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டிட் யூ மூவ் ஹிஸ் ஸ்டஃப்?"

அவனுடைய சாமான்களை இடம் மாற்றினாயா என்று. "எ லிட்டில்" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொல் சொன்னாள். "ஹி இஸ் சல்கிங்."

இங்கே ஒரு விளக்கம் தேவை. நியூசிலாந்துக்காரர் வாயில் 'ஃபிஷ்' என்பது 'ஃபஷ்' ஆகும். 'சிக்ஸ்' என்பது 'சக்ஸ்' ஆகும். மூன்று வருடம் கஷ்டப்பட்டு நான் அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தேன். ஆகவே அவள் 'சல்கிங்' என்றதும் அது 'சிங்கிங்' (பாடுவது அல்ல, தண்ணீரில் தாழ்வது) என்று உடனே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

"யெஸ்! சிங்கிங்!" என்றேன் உற்சாகமாக. "சின்ஸ் மோர்னிங்! ஓல்ரெடி அட் த பொட்டம்!"

"நோ. சல்கிங்."

"யெஸ், யெஸ். சிங்கிங். வெரி டீப்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாம் தடவையும் நான் தலையாட்டியபோது ஷெரின் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். "டாடி! நொட் சிங்கிங்!" என்றவள், எனக்கு எப்படியாவது விளக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு வருடத்துக்குப் பிறகு தமிழில் வாய் திறந்தாள். "கோவம்! ராஜாவுக்கு உங்களோடை கோவம்!"

சாகவில்லை. நோய் இல்லை. கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

நான் நம்பாமல் குனிந்து வடிதட்டை நீக்கி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். அதைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை. ஒரு துள்ளு. வாளியை விட்டு, என் காதை உரசிக்கொண்டு, மேலே போய், ஈரத் தரையில் 'பொத்' என்று விழுந்து வழுக்கிக்கொண்டு போனான். வாழ்க்கையில் ஒருநாளும் பந்து விளையாடாத நான், கோல் காப்பாளன் மாதிரி வயிற்றால் பாய்ந்து, ஜாக்கெட்டுக்குள் அவனை அணைத்துப் பிடித்தபடி, நுழைவுச்சீட்டு மேசைக்கு அடியில் போய் நின்றேன். ரப்பர் உடுப்புக்காரி வாளியோடு பின்னால் ஓடிவந்து ராஜாவை வாங்கித் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு செதில்கூடப் போகவில்லை. என் முழங்கால்தான் போனது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சின்னவன் தாயிடம், அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டது எனக்கு மேசைக்கு அடியில் தெளிவாகக் கேட்டது.

"கற்களை முன்னைப்போலவே வையுங்கள். பிறகு அவனைச் சும்மா விடுங்கள்" என்றாள் அந்தப் பெண். 'சும்மா' என்ற பொருள் வரும் சொல்லை இரண்டு தரம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ராஜாவைத் தொட்டிக்குள் விட்டோம். அவன் நேரே போய்ச் சரிந்து படுத்தான். கற்களை முன்னைப்போல வைக்கச் சொன்னாளே, முன்னைப்போல என்றால் எப்படி? அந்த ஒழுங்கில்லாத ஒழுங்கு என் மனதில் கொஞ்சமும் பதியவில்லை. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். ஷெரின் கதிரையில் ஏறி நின்று கட்டளையிட்டாள். இடப்பக்கம். இல்லை, கொஞ்சம் வலம். அந்தக் கல்லின் மூக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டும். நான் தோள்வரை தண்ணீரில் கையை விட்டபடி, "இப்பிடியோ? இப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டிவிட்டது. ஜெசிந்தா சோற்றை அங்கேயே கொண்டுவந்து தந்தாள். இருவரும் தரையில் இருந்து, மீன் எழும்புமா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மீனைக் குழப்பாமல் இருக்க ஷெரின் குரலைத் தாழ்த்தி, தன் வகுப்பில் யாருக்கு யாரோடு கோபம் என்றெல்லாம் சொன்னாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு கதைத்து நான் அறியவில்லை. அவளுடைய ஆசிரியையின் பெயரே எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

நாலு மணியளவில் ராஜா எழும்பினான். தட்டைக் கல்லைச் சுற்றி ஒரு தரம் போய்ப் பரிசோதித்தான். பிறகு மெதுவாக முன்னால் வந்து என் விரலைப் பார்த்தான். நான் இறாலைக் கொடுத்தேன். மூச்சு விடாமல் கொடுத்தேன்.

கோவிந்தசாமியிடம் இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். ஜாக்கெட்டை ஜெசிந்தா மூன்று தரம் தோய்த்துக் காயவைத்துப் பழைய ஆணியில் மாட்டிவிட்டாள். சோபாவும் காய்ந்துவிட்டது. அவர்கள் வந்திறங்கியதும் ஷெரின் ஓடிப்போய், வாளி, மீன்காட்சிச்சாலை, நான் மேசைக்கு அடியில் போனது வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். நான் வாசலிலேயே நின்றேன். கோவிந்தசாமி நேரே தொட்டிக்குக் கிட்டப் போய், மறந்துபோய் விட்டிருந்த என் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்து, நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்டர்ஜி, ராஜாவுக்கு விசா போடுறீங்களா?"

சரோஜ் அக்கா சிரித்துச் சிரித்து அந்தச் சோபாவிலேயே விழுந்துவிட்டா. நான் மன்னிப்புக் கேட்டேன். "உசுரோட இருக்கான் இல்லே, போதும்" என்றார் அவர். பெரிய மனிதர். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் ஆளைச் சாப்பிட்டிருப்பேன்.

ஆனால் மறுநாள் பின்னேரம் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. கோவிந்தசாமி ஜாக்கெட்டோடு நின்றார். முகம் சரியில்லை.

"மாஸ்டர்ஜி, கொஞ்சம் வந்து பாருங்க. உருண்டையை வாயிலே வாங்கித் துப்பறான். என் கையிலே இறால் வெச்சாலும் வர மாட்டேன்றான்."

போனேன். நான் அறைக்குள் கால் வைத்ததும் ராஜா கண்ணாடிக்குப் பாய்ந்து வந்து உடம்பை நெளித்தான். என் விரலிலிருந்து இறாலை வாங்கினான். உருண்டையைக் கொடுத்தேன், அதையும் வாங்கினான். வெற்றி! திரும்பி கோவிந்தசாமியைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டது. பல மாதங்களாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் பார்த்துவந்த முகம்.

"ரெண்டு நாளிலை சரியாகியிடும் அண்ணை" என்றேன்.

சரியாகவில்லை. ரோசக்காரன் என்று அவர் சொன்னது பொய்யல்ல. தன்னை விட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போனதை அவன் மன்னிக்கவில்லை என்று சரோஜ் அக்கா சொன்னா. இறாலில் உள்ள ஆசை என்று நான் சொன்னேன். எதுவாக இருந்தாலும் அடுத்த நாலு வருடம், நாங்கள் நகரின் மேற்கே மாஸி என்ற இடத்தில் வீடு வாங்கிக்கொண்டு போகும்வரை, புக்கெகோஹிக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் முன்னதாக எழும்பி, குளிரிலும் மழையிலும் பக்கத்து வீட்டுக்குப் போய் ராஜாவுக்குத் தீன் கொடுத்தவன் நான்தான். காய்ச்சல் என்று படுத்தாலும் விடமாட்டார்கள். கோவிந்தசாமி தினமும் பக்கத்தில் நின்று, "எப்படித்தான் வெக்கறீங்க விரலை?" என்று கேட்பார். ஷெரினோ இரண்டு மாதத்தில் ராஜாவை மறந்துவிட்டாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீட்டில் முயல் இருந்தது. நான் அந்த முயலின் பக்கமே போகவில்லை.

இன்று ஷெரின் வெலிங்டனில் இருக்கிறாள், அவளுக்கே இரண்டு பிள்ளைகள். எனக்கு வயது போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. ஏதாவது மனத்தாங்கல் என்றால் நான் கதைக்காமல் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். ஜெசிந்தா சமாதானம் பேச வருவதில்லை. நேரே போனை எடுத்து மகளைக் கூப்பிடுவாள்.

"பிள்ளை, அப்பா சரிஞ்சு கிடக்கிறார். கண் மட்டும்தான் உருளுது."

மறுபக்கத்தில் ஷெரின் எனக்கும் கேட்கும்படி, ஒரு மிருக வைத்தியரின் குரலில், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்: "அப்பான்ரை சாமானை ஆராவது இடம் மாத்தினனீங்களோ?"

உண்மை என்னவென்றால், ஜெசிந்தா அநேகமாக மாற்றித்தான் இருப்பாள்.